கறுப்பினக் கலைஞர்களின் படைப்பு நேர்காணல்கள்: தொடக்க வாசகருக்கு ஓர் அறிமுகம்

ஒரு கலைஞரிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அவருடைய வாழ்க்கை, பிறந்த சூழல், அரசியல், அன்றைய செய்தி ஆகியவற்றைப் பற்றிக் கருத்துக் கேட்பது முதல் வகை. அவர் தம்முடைய வேலையை எப்படிச் செய்கிறார் என்று கேட்பது இரண்டாவது வகை: எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள், முதல் வரி எப்படிப் பிடிபட்டது, இந்தப் பாத்திரத்தை ஏன் இப்படி வரைந்தீர்கள், சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு முன்னால் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றீர்கள் என்பன போன்றவை. இந்த இரண்டாம் வகைக் கேள்விகளை மையமாகக் கொண்ட உரையாடலையே இங்கே படைப்பு நேர்காணல் என்று குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளர்கள், நடிகர்கள், இசைக்கலைஞர்கள், கேலிச்சித்திரக்காரர்கள் ஆகியோரின் நேர்காணல்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் அவர்களுக்கு முதல் வகைக் கேள்விகள் தேவைக்கு மிஞ்சிக் கிடைத்தன; இரண்டாம் வகைக் கேள்விகளோ நெடுங்காலம் அரிதாகவே கிடைத்தன.

1960களின் பிற்பகுதியில், ஹாலிவுட்டின் மிகப்பெரிய நட்சத்திரங்களுள் ஒருவராக சிட்னி பாய்ட்டியே விளங்கிய காலத்தில், செய்தியாளர் கூட்டம் ஒன்றில் அவரிடம் நகரங்களில் நடந்துகொண்டிருந்த கலவரங்களைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தம்மிடம் கேட்பதற்கு எத்தனையோ விஷயங்கள் இருக்க, தாம் கறுப்பர் என்ற ஒற்றைப் பரிமாணத்துக்குள் மட்டுமே கேள்விகள் சுற்றுவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். தாம் ஒரு கலைஞர், ஒரு மனிதர், ஓர் அமெரிக்கர், தம் காலத்தவர் என்று அவர்களுக்கு நினைவூட்டினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் டோனி மாரிசனிடம், வெள்ளையரின் வாழ்க்கையை உங்கள் நாவல்களில் கணிசமான அளவில் என்றாவது கொண்டுவருவீர்களா என்று கேட்கப்பட்டது. நோபல் பரிசு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த மாரிசன், அந்தக் கேள்விக்குள் எவ்வளவு வலுவான இனவாதம் இருக்கிறது என்பது கேட்பவருக்கே புரியவில்லை என்றும், ஒரு வெள்ளை எழுத்தாளரிடம் கறுப்பரைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை என்றும் பதிலளித்தார். இரு சம்பவங்களிலும் கேள்வி கேட்டவர்கள் தீய எண்ணத்துடன் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. எதிரில் இருப்பவர் முதலில் ஓர் இனத்தின் பிரதிநிதி, அதற்குப் பிறகுதான் தொழில் தெரிந்த கலைஞர் என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊறிப்போயிருந்தது.

சில இடங்களில் கேள்வி கேட்கப்படும் வாய்ப்பே மறுக்கப்பட்டிருந்தது. 1961இல் சிகாகோவில் பெயர்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரியை, ஜாக் பார் நடத்திய புகழ்பெற்ற இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். எந்தக் கலைஞரும் துள்ளிக் குதித்து ஏற்றுக்கொள்ளும் அந்த அழைப்பை அவர் மறுத்துவிட்டார். அந்த நிகழ்ச்சியில் வெள்ளைக் கலைஞர்கள் தம் பங்கை முடித்தபின் தொகுப்பாளரின் பக்கத்து சோபாவில் அமர்ந்து உரையாடுவார்கள். கறுப்புக் கலைஞர்களோ பாடிவிட்டு அல்லது ஆடிவிட்டு அப்படியே திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். காரணத்தைக் கேட்க ஜாக் பாரே தொலைபேசியில் அழைத்தபோது கிரெகரி இதைச் சொன்னார், பாரும் ஏற்றுக்கொண்டார். தம் பங்கை முடித்ததும் கிரெகரி அந்தச் சோபாவில் அமர்ந்து பேசினார். இந்தச் சம்பவத்தை அவர் தம் பிற்கால நேர்காணல்களில் பலமுறை விவரித்திருக்கிறார். திறமையைக் காட்டுவதற்கு அனுமதி உண்டு, அதைப் பற்றிப் பேசுவதற்கு அனுமதி இல்லை என்ற நிலை எப்படி நடைமுறையில் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொரு சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

படைப்பு நேர்காணலுக்கு ஒரு நிலையான வடிவம் கொடுத்ததில் 1953இல் தொடங்கப்பட்ட ‘தி பாரிஸ் ரிவ்யூ’ இலக்கிய இதழுக்குப் பெரும் பங்கு உண்டு. கேள்வியும் பதிலுமாக அமையும் அந்த நேர்காணல்கள் சில சமயம் பல அமர்வுகளாக நடக்கும். எழுத்துப்படியை எழுத்தாளரிடம் கொடுத்துத் திருத்தவும் அனுமதிப்பார்கள். ஒரு செய்தியாளரின் பார்வையில் இது குறையாகத் தோன்றலாம். ஆனால் தம் தொழிலைப் பற்றிப் பேசும் ஒருவர் துல்லியமாகப் பேச வேண்டும் என்றால், சொன்னதை மறுபடி படித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அந்த இதழ் 1955இல் கறுப்பின நாவலாசிரியர் ரால்ஃப் எலிசனின் நேர்காணலை வெளியிட்டது. எதிர்ப்பை எழுதினால் அது கலையாகாது, கலையாக எழுதினால் அதில் எதிர்ப்பு இருக்காது என்ற வாதம் கறுப்பின எழுத்தாளர்கள் மீது ஓயாமல் வீசப்பட்டுவந்த காலம் அது. கலைக்கும் எதிர்ப்புக்கும் இடையே அப்படி ஒரு பிளவைத் தாம் ஏற்பதில்லை என்று எலிசன் அந்த நேர்காணலில் சொன்னார். சொல்லிவிட்டு, நாட்டார் கதைகளும் சடங்குகளும் ஒரு நாவலின் கட்டமைப்புக்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் விரிவாகப் பேசினார்.

இந்த இதழின் நேர்காணல்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு கேள்வி, எப்போது எழுதுகிறீர்கள் என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் உபசாரக் கேள்வி போலத் தெரியும். பதில்களை அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அதன் ஆழம் விளங்குகிறது. 1993இல் மாரிசன் சொன்ன பதில் இது: விடியும் முன்பே எழுந்து, இருட்டாக இருக்கும்போதே காபி போட்டுக்கொண்டு, அதைக் குடித்தபடி வெளிச்சம் வருவதைப் பார்ப்பார், வெளிச்சம் வருவதற்கு முன்னால் தாம் அங்கே இருந்தாக வேண்டும் என்பதுதான் முக்கியம், அதுவே எழுதும் மனநிலைக்குள் நுழைவதற்கான அடையாளம் என்றார். ஆனால் அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதையும் கூடவே சொன்னார். எழுதத் தொடங்கிய காலத்தில் அவர் பதிப்பகம் ஒன்றில் முழுநேரப் பதிப்பாசிரியர். இரண்டு ஆண் குழந்தைகளைத் தனியாக வளர்த்த தாய். காலை ஐந்து மணிவாக்கில் குழந்தைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் கிடைக்கும் நேரம்தான் அவருடைய நேரம்.

1984இல் அதே இதழில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், எல்லோரும் படுக்கப் போன பிறகே தாம் வேலையைத் தொடங்குவதாகச் சொன்னார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த அவர், சிறுவயதில் தம்பி தங்கைகள் தூங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு பகலெல்லாம் கிடைத்த வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது. அறிவியல் புனைகதை எழுதிய ஆக்டேவியா பட்லரோ, அதிகாலை இரண்டு மணிக்கே எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போன தம் இளமைக்காலத்தைப் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்தார். பாத்திரம் கழுவுவது, தொலைபேசியில் பொருள் விற்பது, தொழிற்சாலையில் உருளைக்கிழங்கு வறுவலைத் தரம் பார்ப்பது போன்ற வேலைகளை அவர் செய்தார். உடலை வாட்டினாலும் மூளையை விட்டுவைக்கும் வேலைகள் என்பதாலேயே அவை அவருக்கு ஏற்றவையாக இருந்தன.

ஒருவர் விடியலுக்கு முன், ஒருவர் நள்ளிரவில், ஒருவர் இரண்டுக்கும் நடுவில். இந்தப் பதில்களைப் பெற இவர்களிடம் யாரும் கறுப்பின வாழ்க்கையைப் பற்றியோ, வறுமையைப் பற்றியோ, பெண்ணாக இருப்பதைப் பற்றியோ கேட்கவில்லை. எப்போது எழுதுகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். பதிலில் குடும்பம் வந்துவிட்டது, கூலி வந்துவிட்டது, யாருக்கு எந்த நேரம் சொந்தம் என்ற வரலாறும் வந்துவிட்டது. தொழிலைப் பற்றிக் கேட்டால் வாழ்க்கை தானாகவே பதிலுக்குள் வந்து சேரும். இனத்தைப் பற்றி மட்டுமே கேட்டால் தொழில் அநேகமாக வெளியிலேயே நின்றுவிடும். இந்த வகை நேர்காணல்களின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பால்ட்வினின் அதே நேர்காணலில் இன்னோர் இடம் உண்டு. இளைஞராக இருந்தபோது கறுப்பின ஓவியர் பியூஃபோர்ட் டிலேனியுடன் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஒரு தெருமுனையில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருக்கிறார். டிலேனி கீழே சுட்டிக்காட்டி, பார் என்கிறார். பால்ட்வின் பார்க்கிறார், தேங்கிய தண்ணீர் மட்டுமே தெரிகிறது. மறுபடி பார் என்கிறார் டிலேனி. இப்போது தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்திருப்பதும், அதில் நகரம் முழுவதும் பிரதிபலிப்பதும் தெரிகின்றன. பார்ப்பது எப்படி என்பதையும், தாம் பார்த்ததை நம்புவது எப்படி என்பதையும் ஓர் ஓவியரிடமிருந்தே கற்றுக்கொண்டதாக பால்ட்வின் சொல்கிறார். ஓர் எழுத்தாளரின் உரைநடையில் காட்சிகள் ஏன் அவ்வளவு கூர்மையாக விழுகின்றன என்பதற்கு விமரிசகர்கள் பல பக்கங்கள் எழுதலாம். இந்தச் சிறு நினைவு அதை ஒரே பத்தியில் காட்டிவிடுகிறது.

அடுத்து, கேட்பவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1937இல், அமெரிக்க அரசின் திட்டம் ஒன்றின்கீழ் முன்னாள் அடிமைகளின் நினைவுகள் பதிவு செய்யப்பட்டபோது, சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹேம்லின் என்ற மூதாட்டியை ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்பு ஆணும் தனித்தனியாகச் சந்தித்தார்கள். வெள்ளைப் பெண்ணிடம் தம் பழைய எஜமானர் நல்லவர் என்று சொன்ன அதே மூதாட்டி, கறுப்பு ஆணிடம் சாட்டையடிகளையும் குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டதையும் விவரித்தார். வரலாற்று மாணவர்களுக்கு இன்றும் பாடமாகச் சொல்லப்படும் இந்த எடுத்துக்காட்டு கலைஞரைப் பற்றியது இல்லை என்றாலும், கலைஞர்களின் நேர்காணல்களைப் படிப்பதற்கும் இதுவே அடிப்படை. நேர்காணல் என்பது பதிலளிப்பவர் மட்டும் உருவாக்குவதில்லை.

இதை நன்கு உணர்ந்தவர் ஆர்ட் டெய்லர். அவர் பத்திரிகையாளர் இல்லை. பெரிய ஜாஸ் கலைஞர்களுடன் வாசித்த டிரம் கலைஞர். 1963இல் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் சக இசைக்கலைஞர்களைச் சந்தித்து உரையாடல்களைப் பதிவு செய்து, ‘நோட்ஸ் அண்ட் டோன்ஸ்’ என்ற பெயரில் 1977இல் பெல்ஜியத்தில் தாமே வெளியிட்டார். நீனா சிமோன், மாக்ஸ் ரோச், டிஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ் முதலியோர் அதில் பேசுகிறார்கள். பயிற்சி செய்வது, ஊர் ஊராகப் பயணிப்பது, உடலைப் பேணுவது, கூலி, பதிவு நிறுவனங்கள், ஜாஸ் என்ற பெயரையே ஏற்பதா வேண்டாமா என்பது வரை எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. மேடையில் ஒருவரையொருவர் கேட்டுப் பழகியவர்களுக்கு இடையிலான பேச்சு என்பதால் விளக்கவுரை தேவைப்படவில்லை, கோபமும் மறைக்கப்படவில்லை.

இலக்கியத்தில் இதற்கு நிகரான பணியைச் செய்தவர் கறுப்பின ஆய்வாளரான க்ளாடியா டேட். 1983இல் வெளிவந்த ‘பிளாக் விமன் ரைட்டர்ஸ் அட் வொர்க்’ நூலில் மாயா ஏஞ்சலோ, குவெண்டலின் புரூக்ஸ், ஆட்ரி லோர்ட், ஆலிஸ் வாக்கர், மாரிசன் உள்ளிட்ட 14 கறுப்பினப் பெண் எழுத்தாளர்களிடம் அவர்களுடைய எழுத்துமுறையைப் பற்றிக் கேட்டார். யாருக்காக எழுதுகிறீர்கள், எழுத்து உங்கள் அன்றாட வாழ்க்கைக்குள் எப்படிப் பொருந்துகிறது என்பது போன்ற கேள்விகளுக்குப் பலர் சொல்லும் பதில்களை ஒரே நூலில் ஒப்பிட்டுப் படிக்க முடிவது அதன் தனிச்சிறப்பு. கறுப்பினப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்ற எண்ணம் அந்த ஒப்பீட்டிலேயே கரைந்துவிடுகிறது.

நல்ல கேள்வி ஒரு வதந்தியைக்கூட முடித்துவைக்கும். தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் பலரும் படித்திருக்கும் நூலின் ஆசிரியரான அலெக்ஸ் ஹேலி, அதற்கு வெகுகாலம் முன்பு நேர்காணல் கலையில் தேர்ந்த பத்திரிகையாளராக இருந்தார். ‘ப்ளேபாய்’ இதழின் புகழ்பெற்ற நேர்காணல் வரிசை 1962 செப்டம்பரில் மைல்ஸ் டேவிஸுடன் அவர் நடத்திய உரையாடலோடுதான் தொடங்கியது. மேடையில் மற்றவர் தனியாக வாசிக்கும்போது டேவிஸ் இறங்கிப் போய்விடுவார். இரசிகர்களை அவமதிக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதிவந்தன. தமக்கு வேலையில்லாத நேரத்தில் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் வாசிப்பவருக்குப் பதற்றம் வரும் என்பதுதான் அவர் தந்த விளக்கம். திமிர் என்று ஊரே பேசிய ஒரு செயல், சக கலைஞருக்குக் கொடுக்கும் இடமாக இப்போது வேறு பொருள் கொள்கிறது.

நிகழ்த்துகலைஞர்களிடம் சொற்களால் மட்டும் பதில் வாங்க முடியாது. 1938 மே மாதத்தில், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் அரங்கத்துக்கு நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனை அழைத்து வந்தார், அப்போது 23 வயதே ஆகியிருந்த நாட்டாரியலாளர் ஆலன் லோமாக்ஸ். கேள்வி கேட்பவர் எதிரில். பதிலளிப்பவர் பியானோவின் முன்னால். சுழலும் ஒலித்தட்டில் பதிவு ஓடுகிறது. மார்ட்டன் பேசிக்கொண்டே மெல்லிய இசையை விரல்களால் ஓடவிடுகிறார். ஒரு கட்டத்தில், பழைய பிரெஞ்சு நடன இசை ஒன்றைப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டி, அதே இசையைத் தாம் எப்படி உருமாற்றி ஜாஸாக ஆக்கினார் என்பதை அங்கேயே நிகழ்த்துகிறார். எட்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்தப் பதிவுகளின் முழுத்தொகுப்பு 2005இல் வெளியானது.

அதே பதிவுகள் ஓர் எச்சரிக்கையையும் தருகின்றன. 1902இல் ஜாஸைத் தாமே உருவாக்கியதாக மார்ட்டன் கோரினார். தாம் பிறந்தது 1885இல் என்றார். ஆனால் கிடைத்துள்ள ஞானஸ்நானப் பதிவு 1890ஐச் சுட்டுகிறது. அந்த நடன இசை உருமாறிய கதையையும் இசை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. இதனால் நேர்காணல் பயனற்றதாகிவிடாது. யார், எப்போது, எங்கே என்ற செய்திகளை வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல்கள் எப்படி நகர்ந்தன, தாளம் எங்கே மாறியது என்பதற்கோ அந்தப் பதிவைவிட நல்ல சாட்சி வேறு இருக்க முடியாது.

கேலிச்சித்திரக்காரர்களின் நேர்காணல்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றைத்தான் நான் அதிக ஆவலுடன் தேடிப் படிக்கிறேன். அமெரிக்க நாளிதழ்களில் வரும் சித்திரத் தொடர்களைச் சிண்டிகேட் எனப்படும் விற்பனை நிறுவனங்கள் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் வழங்கும். எத்தனை இதழ்கள் வாங்குகின்றன என்பதே வரைபவரின் வருமானம். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த மோரி டர்னர், பல இனக் குழந்தைகள் சேர்ந்து விளையாடும் ‘வீ பால்ஸ்’ தொடரை 1965இல் தொடங்கினார். ‘பீனட்ஸ்’ தொடரை வரைந்த சார்ல்ஸ் ஷூல்ஸிடம், உங்கள் தொடரில் ஏன் கறுப்புக் குழந்தைகள் இல்லை என்று தாம் கேட்டதையும், நீங்களே ஒன்றை உருவாக்குங்கள் என்று ஷூல்ஸ் ஊக்குவித்ததையும் அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இதழ்களே அதை வாங்கின. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட பின், சில மாதங்களுக்குள் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது. தம் நாயகர்களுள் ஒருவரின் கொலையால் தமக்கு நன்மை விளைந்ததே என்ற வேதனையை, கசப்பும் இனிப்பும் கலந்த அனுபவம் என்று டர்னர் முதுமையில் ஒரு நேர்காணலில் விவரித்தார். விற்பனைக் கணக்கை எந்த ஆவணத்திலும் பார்க்கலாம். அந்தக் கணக்கு உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மனநிலை நேர்காணலில்தான் கிடைக்கிறது.

பார்பரா பிராண்டன்-கிராஃப்ட் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை பிரம்சிக் பிராண்டனும் சித்திரத் தொடர் வரைந்தவர். ‘வேர் ஐ'ம் கமிங் ஃப்ரம்’ என்ற பார்பராவின் தொடர் 1989இல் டெட்ராய்ட் நகர நாளிதழ் ஒன்றில் தொடங்கி, 1991இல் சிண்டிகேட் வழியாக நாடெங்கும் சென்றது. பொது நாளிதழ்களில் அவ்வாறு நாடளாவிய இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அந்தத் தொடரைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது, பாத்திரங்களுக்கு உடலே இல்லை என்பது. பின்னணி இல்லை, அறைகலன் இல்லை. பெண்களின் தலைகளும் சில சமயம் கைகளும் மட்டுமே வாசகரை நேராகப் பார்த்துப் பேசுகின்றன. வரையத் தெரியாத குறையோ என்று நினைப்பவர்களும் உண்டு. பெண்களை உடல் உறுப்புகளைக் கொண்டு அளக்கும் வழக்கம் மிகுந்துவிட்டதால், வாசகர் இந்தப் பெண்களின் கண்ணைப் பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வரைந்ததாக அவர் விளக்கியிருக்கிறார். இதைப் படித்தபின் அந்தத் தொடரைத் திரும்பப் பாருங்கள். வெற்றிடமாகத் தெரிந்த பகுதி முழுவதும் ஒரு முடிவின் விளைவு என்பது புரியும்.

2008 பிப்ரவரி 10 அன்று பல கறுப்பினச் சித்திரக்காரர்கள் தத்தம் தொடர்களில் ஏறக்குறைய ஒரே துணுக்கையே வரைந்து வெளியிட்டார்கள். பெரும்பாலான நாளிதழ்கள் கறுப்பினச் சித்திரத் தொடர் என்று ஒன்றிரண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, இனி இடமில்லை என்று சொல்லிவந்தன. அவர்களுடைய தொடர்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்ற அந்த எண்ணத்தை எதிர்த்தே அப்படிச் செய்தார்கள். இதை முன்னெடுத்தவர்களுள் ஒருவர் கோரி தாமஸ். கோடு, நகைச்சுவை, பாத்திரம் என ஒவ்வொருவரும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று கேட்கும் நேர்காணல் இல்லாத இடத்தில், கலைஞர்கள் வரைந்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 1999இல் ஜூலியானா ரிச்சர்ட்சன் சிகாகோவில் தொடங்கிய ‘தி ஹிஸ்டரி மேக்கர்ஸ்’ அமைப்பு, கலைஞர்கள் உள்ளிட்ட கறுப்பின அமெரிக்கர்களின் நீண்ட காணொளி நேர்காணல்களைச் சேகரித்துவருகிறது. 2014 முதல் அவற்றுக்குக் காங்கிரஸ் நூலகம் நிலையான காப்பகமாக இருக்கிறது. க்ளாடியா டேட்டின் நூல் 2023இல் மறுபதிப்பாக வந்துவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை, பால்ட்வினின் இரண்டு நேர்காணல்களை அடுத்தடுத்து எடுத்துக்கொள்வது. முதலாவது, 1963 மே 24 அன்று உளவியலாளர் கென்னத் கிளார்க் அவருடன் நடத்திய தொலைக்காட்சி உரையாடல். அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடியுடனான கசப்பான சந்திப்பு முடிந்த கையோடு பால்ட்வின் நேராக அங்கே வந்திருந்தார். பேச்சு பெரும்பாலும் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றியது. அந்த நாளுக்கு அந்தக் கேள்விகளே பொருத்தமானவை. இரண்டாவது, மேலே சொன்ன 1984 நேர்காணல். முதலாவதைப் பார்க்கும்போது கிளார்க் என்ன கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் படிக்கும்போது, கேட்காமலே எவை பதிலுக்குள் வந்திருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மார்ட்டனின் பதிவுகளுக்குப் போகலாம்.